கம்பெனி புதுப்பித்த சரக்கும் ரிப்பேர் செய்த சரக்கும்: எதை நம்பி விற்கலாம்?

எலக்ட்ரானிக்ஸ் கடைக்கு வரும் வாடிக்கையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இது கம்பெனியே புதுப்பித்ததா, யாராவது ரிப்பேர் செய்ததா?" புதிய லேப்டாப், செல்போன், டி.வி. வாங்க வசதியில்லாதவரும், பிள்ளைகளின் படிப்புக்கு மட்டும் ஒன்று போதும் என்பவரும், பத்துக் கம்ப்யூட்டர் மொத்தமாகக் கேட்கும் சிறு அலுவலகமும் இதையே கேட்கிறார்கள். "இரண்டும் ஒன்றுதான் சார், தைரியமாக எடுத்துப் போங்கள்" என்று பதில் சொல்லும் கடைகளும் உண்டு.

இரண்டும் ஒன்றல்ல. ஆனால் கம்பெனிச் சரக்கு எப்போதும் உயர்ந்தது, ரிப்பேர் சரக்கு எப்போதும் தாழ்ந்தது என்று சொல்லிவிடுவதும் சரியல்ல. எதை எதனால் நம்பலாம், எங்கே நம்பக் கூடாது, அதைக் கொள்முதலிலும் விலையிலும் பில்லிலும் எப்படிக் காட்டுவது என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

ஒரே சொல், நான்கு சரக்கு

"ரீஃபர்பிஷ்டு" என்ற ஒரே சொல்லின் கீழ் கடைத்தெருவில் நான்கு விதச் சரக்கு நடமாடுகிறது.

1. தயாரித்த கம்பெனியே திரும்பப் பெற்று, தன் தொழிற்சாலையிலோ தன் ஒப்பந்த நிலையத்திலோ புதுப்பித்து, தன் பெயரில் வாரண்டி கொடுத்து விற்பது.

2. வேறொரு நிறுவனம் பழைய சரக்கை மொத்தமாக வாங்கி, சோதித்துப் புதுப்பித்து, தன் வாரண்டியில் விற்பது. அலுவலகங்கள் மூன்று, நான்கு ஆண்டு உபயோகித்துக் கழிக்கும் லேப்டாப்புகள் பெரும்பாலும் இவ்வழியில்தான் சந்தைக்கு வருகின்றன.

3. பழுதான ஒன்றை மெக்கானிக் சரிசெய்து விற்பது. இதுவே ரிப்பேர் செய்த சரக்கு.

4. வாடிக்கையாளர் பெட்டியைப் பிரித்துவிட்டு, சில நாளில் திருப்பிக் கொடுத்தது. பழுதே இல்லாமலும் இருக்கலாம்.

பிரான்ஸ் நாட்டில் 2022 பிப்ரவரியில் வெளியான அரசாணை இந்தச் சொல்லுக்கு எல்லை வகுத்தது. எல்லாச் செயல்பாடுகளும் சோதிக்கப்பட்டு, தேவையான இடத்தில் சரிசெய்யப்பட்டிருந்தால் மட்டுமே "புதுப்பித்தது" என்று சொல்லலாம். அப்படிப்பட்ட சரக்கையும் "புதியது போன்றது" என்று விளம்பரம் செய்யக் கூடாது. நம் சந்தையிலோ ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் ஒட்டிவிடுகிறார்கள். எனவே ஸ்டிக்கரைப் படித்து முடிவுக்கு வராமல், "யார் புதுப்பித்தது? எதைச் சோதித்தது? பழுதானால் யார் பொறுப்பு?" என்று கேட்கும் பழக்கம் நமக்கு வேண்டும்.

ஓராண்டும் 90 நாளும்

இந்த வேறுபாட்டை விளக்க ஓர் உதாரணம் போதும். அமெரிக்கா போன்ற நாடுகளில் ஆப்பிள் நிறுவனம் தானே புதுப்பித்து விற்கும் ஐபோனுக்குப் புதிய பேட்டரியும் புதிய வெளிக்கூடும் போட்டு, புதிய போனுக்குத் தருவது போலவே ஓராண்டு வாரண்டி தருகிறது. அதே நிறுவனம் ரிப்பேருக்கு வந்த போனில் மாற்றிய பாகத்துக்குத் தருவது 90 நாள் வாரண்டி, அல்லது போனில் மீதமுள்ள வாரண்டிக் காலம். இரண்டில் எது அதிகமோ அது.

கம்பெனி ஒன்று, பாகமும் ஒன்று. ஏன் இந்த வித்தியாசம்? புதுப்பித்த போனில் கம்பெனி முழுப் பொருளுக்கும் பொறுப்பேற்கிறது. ரிப்பேரில், தான் கை வைத்த பாகத்துக்கு மட்டுமே பொறுப்பேற்கிறது. டிஸ்ப்ளேயை மாற்றியவர், அடுத்த மாதம் சார்ஜிங் போர்ட் போனால் அதற்குப் பொறுப்பாளி அல்ல. ரிப்பேர் கடைக்காரரை இதற்காகக் குறை சொல்ல முடியாது. அவரிடம் கொடுத்த வேலை அவ்வளவுதான். ஆனால் அதே போனை வாங்கி விற்கும் நாம், முழுப் போனையும் விற்கிறோம். மெக்கானிக்கின் பொறுப்பு முடியும் இடத்துக்கும் வாடிக்கையாளரின் எதிர்பார்ப்பு முடியும் இடத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளி நம் தலையில்தான் விழுகிறது.

தொழிற்சாலையிலும் மேஜையிலும் நடப்பது

கம்பெனியிடம் மூன்று வசதிகள் உண்டு. முதலாவது, புதிய பொருளைத் தேர்வு செய்த அதே சோதனைக் கருவிகள். ஒவ்வொரு பாகமும் எந்த அளவில் வேலை செய்ய வேண்டும் என்ற கணக்கு அவர்கள் கையில் இருக்கிறது. இரண்டாவது, அசல் பாகங்களும், அவற்றைப் போர்டுடன் இணைத்துப் பதிவு செய்யும் மென்பொருளும். மூன்றாவது, அந்த மாடலில் எது அடிக்கடி பழுதாகிறது என்ற பதிவேடு.

ரிப்பேர் மேஜையில் பல சமயம் இவை மூன்றும் இருப்பதில்லை. அங்கே கைத்திறன் இருக்கிறது. சென்னை ரிச்சி தெருவில் வேலை பழகிய மெக்கானிக்குகள் பலர், சர்வீஸ் சென்டர் "போர்டையே மாற்ற வேண்டும்" என்று கைவிட்டதை ஒரே ஓர் ஐ.சி.யை மாற்றி ஓட வைத்துவிடுவார்கள். அந்தத் திறமையில் நமக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகம் எழுவது வேறு இடங்களில்.

சாலிடர் விஷயத்தைப் பாருங்கள். பழைய ஈயம் கலந்த சாலிடர் 183 டிகிரி செல்சியஸில் உருகும். 2006-இல் ஐரோப்பாவில் ஈயத்துக்குத் தடை வந்தபின் பரவலான ஈயமில்லாச் சாலிடர் உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும். ஒரு சிப்பைக் கழற்றி மாட்ட அவ்வளவு சூடு கொடுக்கும்போது, பக்கத்திலுள்ள பாகங்களும் போர்டும் அந்தச் சூட்டைத் தாங்கியாக வேண்டும். வெப்பத்தை அளந்து கொடுக்கும் இயந்திரம் உள்ளவர் செய்த வேலை வேறு, கண் மதிப்பில் சூடு காட்டியவர் செய்த வேலை வேறு. இரண்டும் அன்றைக்கு ஓடும். ஆறு மாதம் கழித்துத்தான் வித்தியாசம் தெரியும்.

நிலைமின்னூட்டமும் அப்படித்தான். சுமார் 3,000 வோல்ட்டுக்குக் குறைவாக நம் விரலிலிருந்து பாயும் மின்னூட்டத்தை நாம் உணர்வதே இல்லை. நுட்பமான சில ஐ.சி.க்களைக் கெடுக்க 100 வோல்ட்டே போதும். மணிக்கட்டில் எர்த் பட்டை கட்டாமல் போர்டைத் தொட்டால், பாகம் உடனே சாகாமல் அரைகுறையாகக் காயப்பட்டுப் பின்னர் சாகலாம். இந்தக் காயம் கடைக் கவுண்டரில் போட்டுப் பார்க்கும்போது தெரியாது.

தண்ணீர் புகாத செல்போன்களில் இன்னொரு விஷயம். ஒருமுறை திறந்த போனில் பழைய ஒட்டுப்பசையை முழுதும் நீக்கிப் புதுப்பசை வைத்து, கசிவுச் சோதனை செய்தாலன்றி அந்தப் பாதுகாப்பு திரும்பாது. ரிப்பேர் செய்த போனை "வாட்டர் ப்ரூஃப்" என்று சொல்லி விற்பவர் வம்பை விலைக்கு வாங்குகிறார்.

கம்பெனி முத்திரையும் தவறும் இடம்

இவ்வளவும் சொன்ன பின், கம்பெனி முத்திரை இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா? கூடாது. இரண்டு நிகழ்ச்சிகள் இதற்குப் பாடம்.

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுப் பெட்டி 2005 நவம்பரில் விற்பனைக்கு வந்தது. முன்பக்கம் மூன்று சிவப்பு விளக்கு எரிந்து பெட்டி செயலிழக்கும் பழுது ஏராளமானவற்றில் தோன்றியது. சூடாவதும் குளிர்வதுமாக மாறி மாறி நடந்ததில் உள் இணைப்புகள் விரிசல் கண்டதே காரணம். 2007 ஜூலையில் இந்தப் பழுதுக்கான வாரண்டியை 3 ஆண்டாக நீட்டி, அதற்காக 100 கோடி டாலருக்கும் மேல் ஒதுக்கியது அந்நிறுவனம். கம்பெனியே சரிசெய்து அனுப்பிய பெட்டிகளிலும் சில மீண்டும் அதே விளக்கோடு திரும்பி வந்தன. பழுது வடிவமைப்பிலேயே இருந்தால், புதுப்பித்தாலும் அது கூடவே வரும்.

அடுத்தது சாம்சங் கேலக்ஸி நோட் 7. 2016 ஆகஸ்டில் வந்த இந்தப் போன்கள் தீப்பிடித்ததால் செப்டம்பரில் திரும்பப் பெறப்பட்டன. வேறொரு தயாரிப்பாளரின் பேட்டரி போட்ட போன்கள் மாற்றாகத் தரப்பட்டன. அவையும் தீப்பிடித்தன. அக்டோபரில் உற்பத்தியே நிறுத்தப்பட்டது. 2017 ஜனவரியில் வெளியிடப்பட்ட ஆய்வு முடிவில், இரு தயாரிப்பாளர்களின் பேட்டரிகளிலும் வெவ்வேறு குறைகள் இருந்தது தெரிய வந்தது. அதன் பின்னரே, 3,500-க்குப் பதில் 3,200 மில்லி ஆம்பியர் மணி கொண்ட சிறிய பேட்டரி போட்டு, புதிய சோதனை முறைகளுக்கு உட்படுத்தி, 2017 ஜூலையில் "நோட் எஃப்.ஈ." என்ற பெயரில் 4 லட்சம் போன்கள் தென் கொரியாவில் விற்பனைக்கு விடப்பட்டன.

முதல் முறை பாகத்தை மாற்றினார்கள், பலிக்கவில்லை. இரண்டாம் முறை காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டு மாற்றினார்கள். பெரிய கம்பெனிக்கும் தெருமுனை மெக்கானிக்குக்கும் பொருந்தும் அளவுகோல் இதுதான்: "எதை மாற்றினீர்கள்?" என்பதோடு "ஏன் பழுதானது?" என்பதற்கும் பதில் இருக்கிறதா?

ரிப்பேர் சரக்கு மேலாகும் இடம்

காரணம் தெரிந்த ஒற்றைப் பழுது என்றால் ரிப்பேர் செய்த பொருளே நல்ல கொள்முதலாகலாம். கீழே விழுந்து திரை மட்டும் உடைந்த லேப்டாப், பின்விளக்குப் பட்டை மட்டும் போன எல்.இ.டி. டி.வி., மின்தேக்கி உப்பிப்போன பவர் சப்ளை ஆகியவை இத்தகையவை. மூன்று ஆண்டாக நம்மிடமே சர்வீசுக்கு வரும் வாடிக்கையாளரின் கம்ப்யூட்டரை, அதன் கதை முழுதும் தெரிந்து நாமே வாங்குகிறோம். அதைவிட, எங்கிருந்தோ வந்த, கதை தெரியாத, "ரீஃபர்பிஷ்டு" ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டி எந்த விதத்தில் மேல்?

சிற்றூர்க் கடைகளுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. கம்பெனி வாரண்டி இருந்தாலும், சர்வீஸ் சென்டர் 100 கிலோமீட்டர் தள்ளி இருந்து, சரக்கை அனுப்பி இரண்டு வாரம் காத்திருக்க வேண்டுமானால் வாடிக்கையாளர் கோபம் நம்மீதுதான். அடுத்த தெருவில் இருந்து மறுநாளே சரிசெய்து தரும் நம்பிக்கையான மெக்கானிக்குக்கும் ஒரு மதிப்பு உண்டு.

மாறாக, தண்ணீரில் விழுந்தது, தீப்புகையில் இருந்தது, சிப்பைச் சூடு காட்டி உயிர்ப்பித்தது, காரணம் தெரியாமல் "தானாகச் சரியானது" ஆகியவற்றை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தவிர்ப்பதே நல்லது. உதிரி பாகத்துக்காக வாங்குவதானால் வேறு விஷயம்.

கொள்முதலின்போது பார்க்க வேண்டியவை

1. வாரண்டித் தாள் யார் பெயரில், எத்தனை மாதம், முழுப் பொருளுக்கா பாகத்துக்கா என்று பாருங்கள். வரிசை எண்ணைக் கம்பெனியின் இணையதளத்திலோ சர்வீஸ் சென்டரிலோ சரிபாருங்கள்.

2. ஐபோனில் "அபௌட்" பகுதியிலுள்ள மாடல் எண்ணின் முதல் எழுத்தைக் கவனியுங்கள். எம் என்றால் புதியதாக விற்றது, எஃப் என்றால் புதுப்பித்தது, என் என்றால் சர்வீசில் மாற்றாகக் கொடுத்தது. மாற்றிய பாகங்கள் அசலா என்பதையும் புதிய மாடல்கள் அதே பகுதியில் காட்டுகின்றன.

3. பேட்டரியைப் பாருங்கள். விண்டோஸ் லேப்டாப்பில் பேட்டரி அறிக்கை எடுத்தால், முதலில் இருந்த கொள்ளளவும் இப்போதுள்ள கொள்ளளவும் தெரியும். உப்பிய பேட்டரி உள்ள எதையும் கடைக்குள் வைக்காதீர்கள்.

4. ஹார்டு டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, பழுதான பகுதிகள் உள்ளனவா என்பதைச் சோதனை மென்பொருள் காட்டும்.

5. பழைய உரிமையாளரின் கணக்குப் பூட்டு நீங்கியிருக்கிறதா? கூகுள், ஆப்பிள் கணக்கோ, அலுவலகத்தின் கட்டுப்பாட்டு மென்பொருளோ இருந்தால் அந்தப் பொருள் நமக்குப் பயன்படாது.

6. செல்போனில் *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண், பெட்டியிலும் பில்லிலும் உள்ளதோடு ஒத்திருக்க வேண்டும். 2023-இல் மத்திய தொலைத்தொடர்புத் துறை தொடங்கிய சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண் தடுக்கப்பட்டதா என்று பார்க்கலாம். கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்துகளுடன் இடம் விட்டு அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பியும் அறியலாம். 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி இந்த எண்ணைத் திருத்துவது 3 ஆண்டு வரை சிறை, அல்லது 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கத்தக்க குற்றம்.

7. தனி நபரிடம் வாங்கினால் அடையாளச் சான்றின் நகலும் கையெழுத்தும் கட்டாயம். வெளிநாட்டிலிருந்து வந்த சரக்கானால் சுங்க இறக்குமதி ஆவணத்தைக் கேளுங்கள். கட்டாயப் பதிவுப் பட்டியலில் உள்ள எலக்ட்ரானிக்ஸ் பொருள்களைப் பழையதானாலும் பி.ஐ.எஸ். பதிவின்றி இறக்குமதி செய்யக் கூடாது.

லாபக் கணக்கு

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்கு மட்டுமே, வரியைச் சேர்க்கவில்லை. உங்கள் கடை எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கம்பெனி புதுப்பித்த லேப்டாப் 10, ஒன்று ரூ.18,000 வீதம் வாங்கி ரூ.20,500-க்கு விற்கிறோம். லாபம் ரூ.25,000. ஒன்று திரும்பி வருகிறது. கம்பெனி வாரண்டியில் போய் வரும் செலவு ரூ.500. மிச்சம் ரூ.24,500.

ரிப்பேர் செய்த லேப்டாப் 10, ரூ.14,000 வீதம் வாங்கி ரூ.18,000-க்கு விற்கிறோம். லாபம் ரூ.40,000. மூன்று திரும்பி வருகின்றன. மூன்றையும் தலா ரூ.2,500 செலவில் சரிசெய்ய முடிந்தால் மிச்சம் ரூ.32,500. அப்போதும் ரிப்பேர் சரக்கே லாபம். ஆனால் மூன்றில் ஒன்று சரிசெய்ய முடியாமல் போனால்? இரண்டுக்கு ரூ.5,000 செலவு, ஒன்றுக்கு ரூ.18,000 திருப்பிக் கொடுத்து, உதிரியில் ரூ.3,000 தேறினால் ரூ.15,000 நஷ்டம். மிச்சம் ரூ.20,000 மட்டுமே. கம்பெனிச் சரக்கைவிடக் குறைவு.

ஆக, எத்தனை திரும்பி வருகின்றன என்பதைவிட, எத்தனை சரிசெய்ய முடியாமல் போகின்றன என்பதே லாபத்தைத் தீர்மானிக்கிறது. நம்மிடம் நல்ல மெக்கானிக்கும் உதிரி பாகமும் இருந்தால் ரிப்பேர் சரக்கு எடுக்கலாம். இல்லாதவர் விலை வித்தியாசத்தைக் கண்டு மயங்க வேண்டாம்.

வரியிலும் ஒரு வழி உண்டு. பழைய சரக்கு வாங்கி விற்பவர், கொள்முதலில் உள்ளீட்டு வரிக் கழிவு எடுக்காமலும், பொருளின் தன்மை மாறாத சிறு வேலையோடும் விற்றால், ஜி.எஸ்.டி. விதி 32(5)-இன்படி கொள்முதல் விலைக்கும் விற்பனை விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்டலாம். தனி நபரிடம் ரூ.16,000-க்கு வாங்கிய லேப்டாப்பை ரூ.20,000-க்கு விற்றால், ரூ.4,000-க்கு 18 சதவீதம், அதாவது ரூ.720. கொள்முதல் ஆதாரம் கையில் இல்லாதவர் இந்தச் சலுகையைக் கேட்க முடியாது. உங்கள் ஆடிட்டரிடம் கலந்து செய்யுங்கள்.

சட்டம் சொல்வது

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதில் நமக்கு நேரடியாகத் தொடர்புள்ளவை இவை:

திரும்பக் கட்டியது, பழையது, புதுப்பித்தது எதையும் புதியது என்று சொல்லி விற்பது நேர்மையற்ற வணிக முறை.

முறையான சோதனை இல்லாமல் உழைப்புக்கோ ஆயுளுக்கோ கேரண்டி கொடுப்பதும் அப்படியே. "ஆறு மாதம் நான் கேரண்டி" என்று வாய்வார்த்தையாகச் சொல்பவர்கள் கவனிக்க.

பில் கொடுக்காததும் அதே பட்டியலில் வருகிறது. குறையுள்ள சரக்கைப் பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதும் அவ்வாறே. "விற்ற சரக்கு திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று பில்லின் அடியில் அச்சிட்டால் தப்பிவிடலாம் என்பது வீண் நம்பிக்கை.

பொருளால் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால், விற்றவரே பொறுப்பாகும் சந்தர்ப்பங்களும் சொல்லப்பட்டுள்ளன: விற்றவர் பொருளை மாற்றியமைத்து, அம்மாற்றம் தீங்குக்கு முக்கிய காரணமானால், கம்பெனி வாரண்டிக்கு மேல் தானாக ஒரு வாரண்டி கொடுத்து, பொருள் அதன்படி இல்லாமல் போனால், தயாரித்தவர் யாரென்றே தெரியாவிட்டால். பெயரில்லாத மலிவுப் பேட்டரி போட்ட போனை விற்பவர் இதை இரண்டு முறை படிக்க வேண்டும்.

புதுப்பிக்கும் தொழிலையே செய்பவர்கள், 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின் கீழ் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

பில்லில் எழுத வேண்டியவை

விற்கும்போது பில்லில் ஐந்து விவரங்கள் இருந்தால் பாதித் தகராறு வராது.

1. பொருளின் நிலை: கம்பெனி புதுப்பித்தது, வேறு நிறுவனம் புதுப்பித்தது, ரிப்பேர் செய்தது, பிரித்த பெட்டி.

2. வரிசை எண் அல்லது ஐ.எம்.இ.ஐ. எண்.

3. மாற்றிய பாகம் எது, அது அசலா மாற்றா.

4. வாரண்டி எத்தனை நாள், எதற்கு, யார் தருவது.

5. தெரிந்த குறை: பேட்டரி பாதி நேரம்தான் வரும், மூடியில் கீறல் உண்டு, தண்ணீர் புகாத தன்மை இல்லை என்பன போன்றவை.

குறையைச் சொன்னால் வியாபாரம் போய்விடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். பழைய சரக்கு வாங்க வருபவர் குறை இருக்கும் என்று தெரிந்தேதான் வருகிறார். என்ன குறை என்பது தெரியாததால்தான் பேரம் பேசி இழுக்கிறார். அதை நாமே எழுதிக் கொடுத்து, அதற்கேற்ற விலையும் சொன்னால் பேச்சு சீக்கிரம் முடியும். பொருள் பழுதாகித் திரும்ப வந்தாலும், ஏமாற்றப்பட்டோம் என்ற சண்டையாக அது மாறாது.

கம்பெனி புதுப்பித்தது, முழுப் பொருளுக்கும் எழுத்தில் வாரண்டி உண்டு, சர்வீஸ் சென்டர் எட்டும் தூரத்தில் இருக்கிறது என்றால், கொஞ்சம் லாபம் குறைந்தாலும் அதையே முதலில் எடுங்கள். பழுதின் காரணமும் செய்தவரின் கையும் தெரிந்த ரிப்பேர் சரக்கை அடுத்த இடத்தில் வையுங்கள். இரண்டு பற்றியும் விவரம் இல்லாத சரக்கு, எந்த ஸ்டிக்கர் ஒட்டி வந்தாலும், நம் கடை அலமாரிக்கு வேண்டாம். அடுத்த கொள்முதலுக்குப் புறப்படும் முன் மேலே சொன்ன ஏழு சோதனைகளையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கடைப் பையன்களுக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.